துணைக் கொந்தராத்து வெல்டிங் வேலையை மென்பொருளில் நடத்துதல்: முதல் வேலையைப் பதிவு செய்யும் முறை

கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஒரு வெல்டிங் வேலைத்தளத்துக்குள் நுழைந்தால், சுவரில் சோக்கட்டியால் எழுதிய அளவுகளும் மேசையில் ஒரு கொப்பியும் பெரும்பாலும் கண்ணிற்படும். வீட்டுக்காரருக்கு நேரடியாகக் கேற்றும் கிறிலும் செய்து கொடுக்கும்வரை அந்தக் கொப்பி போதும். ஆனால் ஒரு கட்டிடக் கொந்தராத்துக்காரரிடமிருந்தோ, அரிசி ஆலைக்கு இயந்திரம் பொருத்துபவரிடமிருந்தோ துணைக் கொந்தராத்தாக எடுக்கும்போது, இரும்பு யாருடையது, பெயின்ற் யாருடையது, மீதித் துண்டு யாருக்குச் சேரும் என்பவை வேலைக்கு வேலை மாறுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எங்களிடம் இறக்கிய பொக்ஸ் பார்களை (உள்ளீடற்ற சதுர இரும்புக் குழாய்களை) எங்கள் பொருளோடு ஒரே அடுக்கில் வைத்துவிட்டோம். மீதியை அவர் கேட்டபோது எது அவருடையது என்று காட்ட முடியாமல், அதன் விலையைக் கூலியிலிருந்து கழிக்க நேர்ந்தது. ஆகவே இந்த விளக்கத்தில் பொருளின் உரிமைக்கே முதலிடம் கொடுத்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு கையிருப்பு, உற்பத்தி, விற்பனைக் கணக்குகளை ஒன்றாக வைத்திருக்கும் ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் (ERPNext) என்ற திறந்த மூல மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. வாடகைச் சேவையகத்தில் நிறுவினால் அதற்கான மாதச் செலவு மட்டும் வரும்.

முதற்படி, ஐட்டம் பட்டியல். 'பொக்ஸ் பார்' என்று மட்டும் எழுதாமல், '1×1 அங்குலம், 1.5 மி.மீ., 20 அடி' என்று தடிப்பும் நீளமும் பெயரிலேயே தெரியும்படி எழுதுங்கள். அலகை இங்கேயே யோசித்து முடிவு செய்ய வேண்டும்; ஏனெனில் அந்த ஐட்டத்தில் ஒரு கொடுக்கல் வாங்கல் பதிவான பின்னர் அடிப்படை அலகை மாற்ற மென்பொருள் விடாது. முழுப் பார்களை எண்ணிக்கையிலும், 3 அடிக்கு மேற்பட்ட துண்டுகளைத் தனி ஐட்டமாக அடியிலும் வைப்பதே சரியென்று கருதுகிறேன். எல்லாவற்றையும் அடியில் வைத்தால், ஒன்றுக்கும் உதவாத சிறு துண்டுகள் சேர்ந்து கையிருப்பு நிறைய இருப்பதுபோல் திரையில் தெரியும். தகட்டை நிறைக்கு வாங்குபவர்கள் ஒரு கணக்கை நினைவில் வைத்திருப்பது நல்லது: இரும்பின் அடர்த்தி கன மீற்றருக்கு 7,850 கிலோ என்பதால், 8×4 அடி, 3 மி.மீ. தகடு ஒன்று ஏறத்தாழ 70 கிலோ இருக்கும்.

இரண்டாம் படி, கொந்தராத்துக்காரர் தரும் இரும்பு. அது உங்களிடம் உள்ள அதே அளவுப் பாராக இருந்தாலும், தனி ஐட்டமாகத் திறந்து 'கஸ்டமர் புரொவைடட் ஐட்டம்' என்ற பெட்டியில் சரி அடையாளமிட்டு, அவருடைய பெயரைத் தெரிவு செய்யுங்கள். பிறகு அவருடைய பெயரிலேயே ஒரு களஞ்சியத்தை உருவாக்கி, லொறியிலிருந்து இறக்கிய எண்ணிக்கையை ஸ்டொக் என்ட்ரி (கையிருப்புப் பதிவு) மூலம் பூச்சிய விலையில் வரவு வையுங்கள். அவ்வாறு செய்தால் அந்த இரும்பு உங்கள் சொத்துக் கணக்கில் ஏறாது. வேலைத்தளத்திலும் அந்த அடுக்குக்கு வேறு நிறப் பெயின்ற் ஒரு கோடு பூசிவிடுங்கள்.

மூன்றாம் படி சிறியது: ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புரொஜெக்ட் திறந்து, அந்த வேலைக்கான எல்லாப் பதிவுகளிலும் அதைத் தெரிவு செய்ய வேண்டும்.

நான்காம் படியான பி.ஓ.எம்., அதாவது ஒரு பொருளைச் செய்யத் தேவையானவற்றின் பட்டியல், புதியவர்கள் அதிகம் தவறும் இடம். 38 அங்குலத் துண்டுகள் 50 தேவை என்று வைத்துக்கொள்வோம். பெருக்கிப் பார்த்தால் 1,900 அங்குலம் வரும்; ஒரு பார் 240 அங்குலம் என்பதால் 8 பார் போதும் போலத் தோன்றும். ஆனால் ஒரு பாரில் 6 துண்டுகள்தான் விழும், 8 பாரில் 48 துண்டுகளே கிடைக்கும், ஒன்பதாவது பாரை வெட்டித்தான் ஆக வேண்டும். எனவே பி.ஓ.எம்.மில் 9 என்றே எழுதி, ஒன்பதாவதில் மிஞ்சும் ஏறத்தாழ 13½ அடியைத் துண்டு ஐட்டமாக மீண்டும் வரவு வைக்க வேண்டும். வெட்டும் தட்டு ஒவ்வொரு வெட்டுக்கும் 2 முதல் 3 மி.மீ. வரை தின்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 அடி என்று வரும் பார்களில் சில உண்மையில் 6 மீற்றர், அதாவது ஏறத்தாழ 19 அடி 8 அங்குலமாகவே இருக்கும். 34 அங்குலத் துண்டுகள் முழு 20 அடிப் பாரில் 7 விழும், 6 மீற்றர் பாரில் 6 தான் விழும்; ஆகையால் இறக்கும்போதே அளவு நாடாவை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படியில் வேர்க் ஓடர், அதாவது செய்ய வேண்டிய வேலைக்கான உத்தரவைத் திறந்து, பார்கள் அடுக்கிலிருந்து வெளியேறும் அன்றைக்கே பதிவு செய்யுங்கள். ரைம் ஷீற்றில் பாஸ்மார் ஒவ்வொரு வேலையிலும் செலவிட்ட மணித்தியாலங்களை எழுதினால், அடுத்த வேலைக்கு விலை சொல்லும்போது அது மிகவும் உதவும். தளத்தில் வாய்ச்சொல்லாகக் கேட்கும் மேலதிக வேலையை அன்றே தனி சேல்ஸ் ஓடராக (விற்பனைக் கட்டளையாக) ஏற்றி, அதன் பிரதியைக் கொந்தராத்துக்காரரின் தொலைபேசிக்கு அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக இன்வொய்ஸ். பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்தவர்கள், 2024 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள 18 சதவீதத்தை விலைக்குள் கலக்காமல் வரி அட்டவணையில் தனியாக இட வேண்டும். அதோடு, கொந்தராத்துக்காரரின் களஞ்சியத்துக்குரிய ஸ்டொக் லெட்ஜரை (பொருள் வரவு செலவுப் பேரேட்டை) அச்சிட்டு இன்வொய்ஸுடன் இணையுங்கள். எத்தனை பார் வந்தது, எத்தனை வெட்டியது, எத்தனை அடி மீதி என்பதெல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கும். மீதித் துண்டுகளை ஏற்ற வரும் அவருடைய மேற்பார்வையாளரிடம் அந்தத் தாளிலேயே கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.