வேன் அடுப்பின் கண்ணாடி மூடி உடைந்தால்: நாங்கள் விட்ட பிழைகளும் நீங்கள் தவிர்க்க வேண்டியவையும்

ரம்பொடைக்கு மேலே, விடியற்காலை ஆறு மணி. நல்ல குளிர். பிளேன்டீ ஊற்றிக் குடித்த கையோடு எங்கள் முகாம் வேனின் அடுப்பை அணைத்து, கேத்தலை இறக்கி, கண்ணாடி மூடியைச் சாத்தினேன். வேனை எடுத்து இரண்டு வளைவுகூடத் திரும்பியிருக்க மாட்டோம், பின்னால் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். டயர்தான் போய்விட்டது என்று மச்சான் இறங்கி நான்கு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்தான். டயருக்கு ஒன்றுமில்லை. பின்கதவைத் திறந்தால் மெத்தை, சிங்க், பாண் பை என்று எங்கும் கற்கண்டு கொட்டியது போலக் கண்ணாடி.

அன்று நாங்கள் உருப்படியாகச் செய்தது வேனை ஓரங்கட்டியது மட்டும்தான். தும்புத்தடியால் கூட்டி, சொப்பிங் பையில் அள்ளி, நுவரெலியாவில் ஒரு குப்பைத்தொட்டியில் போட்டோம். கொழும்புக்கு வந்ததும் அதே அளவில் இன்னொரு கண்ணாடி வெட்டிப் பூட்டினோம். அது இரண்டு மாதம் தாங்கியது. இரண்டாவதும் போன பிறகுதான், முதலாவது ஏன் உடைந்தது என்று ஒருநாள்கூட யோசிக்கவில்லையே என்பது உறைத்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறக்கும்வரை, கையில் இருந்த பழைய டொல்ஃபின், கேடிஎச் வேன்களைத்தான் ஆளாளுக்கு முகாம் வேன்களாக மாற்றிக்கொண்டோம். கட்டில், அலுமாரி, சின்னச் சமையலறை. அந்தச் சமையலறையில் இரண்டு வகை அடுப்பைப் பார்க்கலாம். ஒன்று, டொமெட்டிக், தெட்ஃபோர்ட் மாதிரி நிறுவனங்கள் முகாம் வேன்களுக்கென்றே செய்வது: அடுப்பும் சிங்க்கும் ஒன்றாக, மேலே மடிக்கும் கண்ணாடி மூடியோடு. மற்றது, வீட்டுக்கு வாங்கும் இரண்டு பர்னர் கண்ணாடித்தட்டு அடுப்பை பலகையில் பதித்துவிடுவது. எதை எடுத்தாலும் கண்ணாடி இருக்கிறது.

இது ஜன்னல் கண்ணாடி இல்லை. டெம்பர் கண்ணாடி. 600 பாகை செல்சியஸுக்கும் மேலே சூடாக்கி, இரண்டு பக்கமும் காற்றடித்துச் சட்டென்று குளிர வைப்பார்கள். வெளித்தோல் முந்திக் குளிர்ந்து இறுகிவிடும். உள்ளே பிறகு குளிர்ந்து சுருங்கும்போது தோலையும் உள்ளுக்கு இழுக்கும். அதனால் மேற்பரப்பு எப்போதும் நெருக்கிப் பிடித்தபடி இருக்கும், உள்பகுதி இழுபட்டபடி இருக்கும். சாதாரண கண்ணாடியை விட நான்கு மடங்கு பலம் வருவது இப்படித்தான். ஆனால் அந்தத் தோலைத் தாண்டி ஒரு கீறல் உள்ளே இறங்கினால் தகடு முழுவதும் ஒரே நொடியில் பொடிப்பொடியாகும். ஆகவே மூடியில் நீளமாக ஒரு விரிசல் ஓடியும் அது ஒரே துண்டாக நிற்கிறது என்றால் அது டெம்பர் இல்லை. உங்களுக்கு முன் வேனை வைத்திருந்தவர் ஏதோ ஒரு கண்ணாடியைப் பூட்டியிருக்கிறார்.

உடைந்த உடனே

கண்ணாடியைத் தொடுவதற்கு முன் சிலிண்டர் வால்வை மூடுங்கள். இரண்டரைக் கிலோ மூடி நொறுங்கி விழும்போது அடுப்பின் திருகு கொஞ்சம் திரும்பியிருக்கலாம், பர்னர் இடம் பெயர்ந்திருக்கலாம். கேஸ் காற்றை விடப் பாரமானது. வேனின் தளம் ஒரு பேசின் மாதிரி, அங்கேதான் போய்த் தேங்கும், நாம் படுப்பதும் அந்த மட்டத்தில்தான். கதவுகளைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்கள். 2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்க கேஸ் அடுப்புகள் வெடித்த நாட்களில், கண்ணாடித்தட்டு சிதறிய அடுப்புகளின் படங்களை நாமெல்லாம் பார்த்தோம். சவர்க்கார நுரை பூசிக் குழாயைச் சோதிக்கும் பழக்கம் பல வீடுகளுக்கு வந்தது அப்போதுதான். வேனுக்குள்ளும் அதைச் செய்யுங்கள்.

அடுத்த பிழை, வெறுங்காலோடு ஏறுவது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே வேனுக்குள் ஏறுகிறோம்? அன்று மட்டும் சப்பாத்தோடு ஏறுங்கள். கீலோடு தொங்கிக்கொண்டிருக்கும் கட்டிகளை அப்படியே விட்டுவிட்டு வேனை ஓட்டவும் வேண்டாம். நொறுங்கிய டெம்பர் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்று, பிறகும் டிக் டிக்கென்று வெடித்து உதிரும். ஒரு பழைய துணியைப் போர்த்தி, கையுறையோடு கழற்றி எடுங்கள்.

தும்புத்தடி வேண்டவே வேண்டாம். கண்ணாடி தும்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும், வீட்டுக்கு வந்து குசினியில் இறங்கும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. வாகனம் கழுவும் இடங்களில் இருக்கும் பெரிய வாக்கியூமால் முதலில் இழுத்துவிட்டு, மிச்சத்தை ஈரப் பத்திரிகைத்தாளால் ஒற்றி எடுங்கள். மெத்தைத் துணிக்கு அகலமான டேப் நல்லது. இரவானதும் டோர்ச்சைத் தரையோடு கிடத்திப் பிடித்துப் பாருங்கள். பகலில் கண்ணில் படாததெல்லாம் மின்னும். சறுக்குக் கதவு ஓடும் தண்டவாளத்தைத்தான் எல்லோரும் மறப்பது. அங்கே கிடக்கும் துண்டு கதவின் உருளையைத் தேய்த்துத் தின்னும்.

திறந்திருந்த சாப்பாடு எதுவாக இருந்தாலும் போகட்டும். சம்பல், பாண், ஊறவைத்த பருப்பு, எல்லாம்தான். "கழுவினால் சரி" என்று அம்மா சொல்வார், கேட்காதீர்கள்.

பர்னர் மூடிகளைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டி, கழுவிக் காயவைத்துப் பூட்டலாம். கேஸ் வெளிவரும் ஜெட் துளைக்குள் மட்டும் ஊசி விடாதீர்கள். வெளியே இருக்கும் துகளை உள்ளே தள்ளிவிடுவீர்கள், துளையும் பெரிதாகும். பூட்டிய பிறகு சுவாலை மஞ்சளாக எரிந்தாலோ ஒரு பக்கமாகத் தாவினாலோ அடுப்பு திருத்துபவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

உடைந்தது மூடி அல்ல, பர்னர்கள் உட்கார்ந்திருக்கும் கண்ணாடித்தட்டு என்றால் கதை வேறு. டேப் ஒட்டி, "இன்றைக்கு மட்டும்" என்று சோறு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தட்டுத்தான் பர்னரைத் தாங்குகிறது. அது அசைந்தால் கீழே கேஸ் இணைப்பும் அசையும். அன்றைக்குக் கடைச் சாப்பாடுதான்.

ஏன் உடைந்தது என்று பாராமல் விடுவது

என் கணக்கில் பெரிய பிழை இதுதான். கூட்டி அள்ளுமுன் ஃபோனில் நாலு படம் எடுங்கள். ஒட்டி நிற்கும் துண்டுகளில் கோடுகள் ஓரிடத்திலிருந்து வெயில் கதிர் மாதிரி விரியும். அந்தப் புள்ளி கீலின் துளையருகே இருந்தால் திருகை அளவுக்கு மிஞ்சி இறுக்கியிருக்கிறார்கள், அல்லது ரப்பர் வொஷர் இல்லாமல் இரும்பு நேரே கண்ணாடியில் பட்டிருக்கிறது. பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் வேனின் உடல் கொஞ்சம் முறுகும். வீட்டு அடுப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. வேனில் கண்ணாடிக்கு அசைய இடம் விட்டே ஆக வேண்டும்.

புள்ளி ஓரத்தில் இருந்தால் எங்கோ அடிபட்டிருக்கிறது. டெம்பர் கண்ணாடி நடு முகத்தில் நல்ல அடி தாங்கும், ஓரத்தில் சின்னத் தட்டுக்கும் தாங்காது. அடிபட்ட அன்றே உடையும் என்றுமில்லை, சில நாள் கழித்துச் சும்மா நிற்கும்போது போகும். மூடியைச் சாத்தினால் மேசை மாதிரி இருக்கிறதல்லவா? அதன் விளிம்பில் தேங்காய் திருவலையை இறுக்கிப் பூட்டுவோம், இறக்கிய தாச்சியைச் சுடச்சுட மேலே வைப்போம். இரண்டையும் நான் செய்திருக்கிறேன்.

புள்ளி பர்னருக்கு நேரே இருந்தால் சூடு. ஒரே தகட்டில் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் 40 பாகை அளவு வித்தியாசம் வந்தாலே சாதாரண கண்ணாடி வெடித்துவிடும். டெம்பர் சுமார் 200 பாகை வரை பொறுக்கும். ஆனால் இப்போதுதான் அணைத்த பர்னரின் இரும்பு அதைவிடச் சூடாக இருக்கும். சூடானால் மூடி நொறுங்கும், அடுப்பு ஆறிய பிறகே சாத்து என்று அடுப்போடு வரும் தாளில் எழுதியே இருக்கிறது. யார் வாசித்தது?

மூடியைத் திறந்து நிறுத்தி, காற்றுக்கு மறைப்பாக வைப்பதும் இதே வகைதான். கற்பிட்டிக் காற்றில் சுவாலை சாய்ந்து நேரே கண்ணாடியை நக்கும். பர்னரை மீறிய அகலத் தாச்சி வைத்தாலும் வெக்கை பின்னால்தான் போகும்.

ஒரு காரணமும் இல்லாமல் உடைவதும் உண்டு. கண்ணாடி செய்யும்போது உள்ளே மாட்டிக்கொண்ட நிக்கல் சல்பைடு என்ற மிகச் சிறிய துகள் வருடக்கணக்கில் மெல்லப் பருத்து வேலையைக் காட்டும். அபூர்வம்தான். ஆனால் வேன் வைத்திருக்கும் எல்லோரும் தங்களுக்கு நடந்தது இதுதான் என்பார்கள்.

எங்களுடையது சூடா, திருவலை விட்ட தழும்பா? சொல்ல முடியாது. சாட்சி நுவரெலியாக் குப்பையில் இருக்கிறது.

மாற்றுக் கண்ணாடி

முதல் தடவை வெட்டித் தந்த கடையை நான் குறை சொல்ல மாட்டேன். நான் கேட்டது "5 மில்லிமீற்றர் கண்ணாடி". அவர்கள் தந்ததும் அதுதான், ஜன்னலுக்குப் போடுவது. இரண்டாம் மாதம் கீல் துளையிலிருந்து விரிந்து கத்தி மாதிரி நீளத் துண்டுகளாகப் போனது. யாரும் பின்னால் இருக்கவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம்.

அடுத்த முறை கிடங்கில் கிடந்த ஒரு டெம்பர் தட்டைத் தூக்கிக்கொண்டு பழைய சோனகத் தெருவில் ஒரு கடைக்குப் போனேன். மூலையைக் கொஞ்சம் வெட்டித் தரச் சொன்னேன். கடைக்காரர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது டெம்பர். வெட்ட ஏலாது. கட்டரை வச்சா மண் மாதிரி கொட்டும்."

அளவு, வளைந்த மூலை, கீல் துளை, ஓரம் தேய்ப்பது, எல்லாம் சாதாரண கண்ணாடியில் முடித்த பிறகே சூளைக்குப் போகும். பிறகு ஒரு மில்லிமீற்றரும் மாற்ற முடியாது. அதனால் வாயால் அளவு சொல்லாதீர்கள். அடுப்பின் மேலேயே மெல்லிய பலகை வைத்து வரைந்து, வெட்டி, துளை போட்டு, கீலில் பூட்டி, திறந்து மூடிப் பார்த்து, பின்சுவரில் இடிக்கவில்லை என்று தெரிந்த பிறகு அந்தப் பலகையையே கடையில் கொடுங்கள். வந்த கண்ணாடியின் மூலையில் டெம்பர் முத்திரை இருக்கிறதா பாருங்கள். முத்திரை இல்லாவிட்டால், போலரைஸ்ட் வெயில் கண்ணாடி போட்டுக்கொண்டு அதில் வானம் தெரியும் கோணத்தில் பாருங்கள். டெம்பர் என்றால் மங்கலான புள்ளிகளோ பட்டைகளோ தெரியும்.

"பலமாக இருக்கட்டும்" என்று தடிப்பைக் கூட்டுவதும் வேண்டாம். சதுர மீற்றருக்கு ஒவ்வொரு மில்லிமீற்றரும் 2.5 கிலோ. 50 சென்ரிமீற்றருக்கு 40 என்றால் 5 மில்லிமீற்றர் மூடி 2.5 கிலோ, 8 மில்லிமீற்றர் என்றால் 4 கிலோ. அந்தக் கீல் அதற்குச் செய்தது இல்லை.

அக்ரிலிக் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். சிங்க் பக்கத்துக்குத் தாராளமாகப் போடலாம். அடுப்புப் பக்கத்துக்குக் கூடாது, 100 பாகையை அண்டினாலே இளகும், தீப்பட்டால் எரியும்.

என்னைக் கேட்டால் அடுப்புக்கு மேலே கண்ணாடியே தேவையில்லை. இப்போது எங்கள் வேனில் சிங்க் பக்கம் மட்டும்தான் கண்ணாடி. அடுப்புக்கு எவர்சில்வர் தகடு, நாலு ஓரமும் மடித்து, அடியில் சிலிகொன் பொத்தான் ஒட்டியது. வெல்டிங் பாஸ் ஒரே பின்னேரத்தில் செய்து தந்தார். பொத்தான் ஒட்டும்வரை கண்டி வீதி முழுக்கத் தாளம் போட்டது. சட்டி மூடி மாதிரி இருக்கிறது என்று மனைவிக்கு இன்னமும் ஒரு குறை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில அடுப்புகளில் மூடியைச் சாத்தினால் கேஸ் தானாக நிற்கும் பொறி இருக்கும். அந்த வகை என்றால் மூடியை மாற்றுமுன் அடுப்புத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

அள்ளிய கண்ணாடியைப் போத்தல்களோடு சேர்க்காதீர்கள், இரண்டும் ஒரே சரக்கு இல்லை. குப்பைப் பையில் வெறுமனே போட்டால் அதைத் தூக்குபவரின் கை போகும். பழைய பால்மா டின்னில் போட்டு, மூடியை டேப்பால் சுற்றி, மேலே கண்ணாடி என்று தமிழிலும் வீதுரு என்று சிங்களத்திலும் எழுதிக் கொடுங்கள்.

பிறகு அகப்பட்ட துண்டுகளுக்கான எங்கள் டின் இன்னும் வேனுக்குள்தான் இருக்கிறது. போன மாதம் சறுக்குக் கதவு இறுகுகிறது என்று தண்டவாளத்தைக் குடைந்தபோது, ரம்பொடைத் துண்டு இன்னொன்று கிடைத்தது.