வளரும் பருவத்தைக் கதையாகவும் கவிதையாகவும் எழுதுவது எப்படி

வளரும் பருவத்தைப் பற்றிக் கதை எழுத உட்காருகிறவர்கள் முதலில் தேடுவது ஒரு பெரிய சம்பவத்தைத்தான். ஒரு மரணம், முதல் காதல், வீட்டை விட்டு ஓடிப்போவது, இப்படி ஏதாவது. அதற்குப் பதிலாக அந்தப் பிள்ளைக்கு என்ன தெரிந்துவிட்டது என்று தேடுங்கள். தெரிந்த பிறகு தெரியாத மாதிரி இருக்கவே முடியாத ஏதோ ஒன்று. அது கையில் இருந்தால் சம்பவம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கதை நிற்கும், அது இல்லாவிட்டால் வீடே தீப்பற்றி எரிந்தாலும் நிற்காது.

எழுத ஆரம்பிக்கும் முன் "இதுவரை அவள் இப்படி நம்பியிருந்தாள்" என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். உதாரணத்துக்கு 12 வயதுப் பெண் ஒருத்தி. தினமும் சாயங்காலம் தாத்தாவோடு சதுரங்கம் ஆடுகிறாள், தினமும் தோற்கிறாள். தாத்தாவை யாராலும் ஜெயிக்க முடியாது என்பது அவள் நம்பிக்கை. ஒருநாள் தாத்தா குதிரையை யானை மாதிரி நேராக நகர்த்துகிறார். அவர் ஏமாற்றவில்லை, குதிரை எப்படிப் போகும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. கதைக்கு இவ்வளவு போதும். அந்த வாக்கியத்தை உங்களால் எழுத முடியவில்லை என்றால் உங்களிடம் இருப்பது ஒரு ஞாபகம், அது இன்னும் கதையாகவில்லை. கொஞ்சம் காத்திருங்கள்.

காலத்தைச் சுருக்குங்கள். நாவலுக்கு வருஷக்கணக்கில் இடம் இருக்கிறது. வளரும் பருவ நாவல்களுக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படும், ஜெர்மன் எழுத்தாளர் கதேயின் 'வில்ஹெல்ம் மைஸ்டர்' நாவல், 1795-96இல் வெளிவந்தது, நாயகனை ஊர் ஊராக அலையவிட்டு மெதுவாக முதிர வைக்கிறது. சிறுகதையில் அது நடக்காது. ஒரு மத்தியானம், ஒரு பயணம், ஒரு ஆட்டம், அவ்வளவுதான் கொள்ளும். பிறந்ததிலிருந்து ஆரம்பிக்கும் கதைகளில் முதல் இரண்டு பக்கங்களைத் தாராளமாக வெட்டலாம்.

அப்புறம்தான் உண்மையான சிக்கல் வருகிறது: யார் சொல்வது, எந்த வயதிலிருந்து சொல்வது? பெரும்பாலான கதைகள் கெட்டுப்போவது இங்கேதான். குழந்தையே சொல்கிறது என்றால் அதன் கண்ணுக்குப் படுவது எல்லாம் வரலாம், ஆனால் அதற்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட வரக்கூடாது. "தாத்தாவுக்கு ஞாபகமறதி நோய் ஆரம்பித்துவிட்டதை அவள் உணர்ந்தாள்" என்று எழுதினால் அது டாக்டர் எழுதிய வாக்கியம். இதையே இப்படிப் பாருங்கள்: "தாத்தா குதிரையை நேராக நகர்த்தினார். அவள் பலகையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். உன் ஆட்டம்தான், என்றார்." வாசகருக்கு எல்லாம் புரிகிறது, பிள்ளைக்குப் பாதிதான் புரிகிறது. அந்த இடைவெளியில்தான் வாசகர் உள்ளே வருகிறார், அதை விளக்கம் போட்டு அடைத்துவிடாதீர்கள்.

பெரியவராகிவிட்ட ஒருவர் திரும்பிப் பார்த்துச் சொல்வது இன்னொரு வழி. மொழிக்குச் சுதந்திரம் கிடைக்கும், ஆனால் சிறுவயது நபரை மன்னிக்கவோ கேலி செய்யவோ கை துறுதுறுக்கும். ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் 1914இல் வெளியிட்ட டப்ளின் நகரக் கதைகளில் ஒன்று 'அரபி'. தனக்குப் பிடித்த பெண்ணுக்கு ஏதாவது வாங்கி வருவதாகச் சொன்ன பையன் சந்தைக்குத் தாமதமாகப் போய்ச் சேர்கிறான், எதுவும் வாங்காமல் நிற்கிறான். நடப்பது அவ்வளவுதான். கடைசி வரியில் அவன் தன்னைப் பற்றித் தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறான், அது நமக்கு உறுத்துவதில்லை, ஏனென்றால் முதல் பக்கத்திலிருந்தே வளர்ந்த மனிதனின் குரல்தான் பேசிக்கொண்டிருக்கிறது. நீங்கள் குழந்தையின் குரலில் ஆரம்பித்துவிட்டுக் கடைசிப் பத்தியில் மட்டும் நாற்பது வயதுக்காரரைக் கொண்டுவந்தால் அது எடுபடாது. எந்த வயதில் நின்று பேசுகிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கதையில் வரும் பெரியவர்களைப் பாடம் நடத்துவதற்கு வைத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கும் அன்றைக்கு ஒரு வேலை, ஒரு கவலை இருக்கட்டும். உடம்பு மாறுவதை எழுதும்போது வெளியிலிருந்து பார்க்கும் கண்ணை முழுக்க விட்டுவிடுங்கள். குட்டையாகிப்போன உடுப்பு, உடைந்துபோகும் குரல், எல்லோரும் தன்னையே பார்ப்பதாக வரும் கூச்சம், இவை அந்தப் பிள்ளை உள்ளிருந்து அறிந்த மாதிரி வந்தால் போதும்.

கவிதைக்கு வேறு வழி. அங்கே மாற்றத்தைக் கதையாகச் சொல்லவே வேண்டாம், இரண்டு காலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். இதில் நமக்கு 2,000 வருஷப் பழக்கம் இருக்கிறது. நற்றிணை 110, போதனார் எழுதியது. பால் குடிக்க மாட்டேன் என்று வளர்ப்புத் தாயரான செவிலித்தாயரை மூச்சு வாங்க ஓடவிட்ட சின்னப் பெண், கணவன் வீடு வறுமைப்பட்ட பிறகு, வேளைக்கு வேளை சாப்பிடாமல் பொழுது விட்டுப் பொழுது உண்கிறாள். தந்தை வீட்டுச் செல்வச் சோற்றை நினைப்பதுகூட இல்லை. அவள் எப்படி வளர்ந்தாள், எந்த நாளில் மாறினாள் என்று பாட்டில் ஒரு சொல் கிடையாது. இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் எங்கே கற்றாள் என்று தாய் வியப்பதோடு சரி. நடுவில் இருந்த வருஷங்களை நாமே நிரப்பிக்கொள்கிறோம். இரண்டு காலத்திலும் உணவு வருகிறது, கவனித்தீர்களா? முதலில் வேண்டாம் என்று ஓடியது, பிறகு குறைந்துபோய் அவள் குறை சொல்லாதது. உங்கள் கவிதைக்கும் அப்படி ஒரே பொருளைப் பிடியுங்கள், இரண்டு காலத்திலும் அது வரட்டும், அர்த்தம் மட்டும் மாறட்டும்.

புறநானூறு 243 இன்னும் துணிச்சலானது. கோலூன்றி, நடுங்கி, இருமலுக்கு நடுவே சில சொற்கள் மட்டும் பேசும் முதியவர், தாம் சின்ன வயதில் நீர்மேல் சாய்ந்த மருதமரக் கிளையில் ஏறித் துடுமெனக் குதித்து, மூழ்கி, அடியிலிருந்து மணல் அள்ளி வந்ததைச் சொல்கிறார். ஏக்கத்தை அவர் மறைக்கவில்லை, எங்கே போயிற்று அந்த இளமை என்று வாய்விட்டே கேட்கிறார். ஆனால் அதற்கு முன் அந்த மணலை நமக்குக் காட்டிவிடுகிறார். பொருளைக் காட்டிய பிறகு உணர்ச்சியைச் சொல்ல உங்களுக்கும் உரிமை உண்டு, அதற்கு முன் கிடையாது. எழுதி முடித்ததும் 'அப்போது', 'இப்போது' என்ற சொற்களை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அவை இல்லாமலும் காலம் மாறியது தெரிந்தால் அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும்.

கதையை முடிக்கும்போது "அன்றுதான் புரிந்தது" என்று வருமானால் நிறுத்துங்கள். புரிந்ததற்கு அடையாளமாக அந்தப் பிள்ளை ஏதாவது செய்யட்டும். சதுரங்கப் பெண் தன் யானையை வெட்டுப்படும் கட்டத்தில் கொண்டுபோய் வைக்கலாம். நேற்று வரை ஜெயிக்கத் துடித்தவள் தெரிந்தே தோற்கிறாள் என்றால் அவளுக்கு எவ்வளவு தெரிந்துவிட்டது என்பது வாசகருக்குத் தெரியும்.

சொந்த வாழ்க்கையிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் பெயரையும் உறவையும் இடத்தையும் மாற்றுங்கள், நம்பிக்கை உடைந்த அந்த ஒரு கணத்தை மட்டும் மாற்றாதீர்கள். யார்மீதாவது இன்னும் கோபம் ஆறவில்லை என்றால் அந்தக் கதையைத் தள்ளிப்போடுவதே நல்லது, கோபம் எதிராளியைக் கேலிச்சித்திரமாக்கிவிடும். பிரதி தயாரானதும் முடிந்தால் அந்த வயதில் இப்போது இருக்கும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். எங்கே பொய்யாகப் பட்டது என்று மட்டும் கேளுங்கள், அவர் காட்டும் வரிகளிலிருந்து திருத்த ஆரம்பியுங்கள்.