அளிப்புப் பக்கக் கொள்கை அறிவிப்பை எடைபோடுவது எப்படி?

மக்கள் கையில் பணம் புழங்கச் செய்து வாங்குவதைக் கூட்டுவது அரசுக்கு ஒரு வழி; இது தேவைப் பக்கக் கொள்கை. பொருளை ஆக்குவோரின் செலவையும் தடைகளையும் குறைத்து அவர்களைக் கூடுதலாக ஆக்க வைப்பது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழியைத்தான் அளிப்புப் பக்கக் கொள்கை என்கிறோம். வரிக்குறைப்பு, உரிமக் கெடுபிடி தளர்வு, துறைமுகம், சாலை, தொழிற்பயிற்சி, தொழிலாளர் சட்டத் திருத்தம் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இவற்றில் ஒன்று அறிவிக்கப்படும்போது அது நாட்டின் உற்பத்தியையும் விலைவாசியையும் உண்மையில் தொடுமா என்று கணித்துப் பார்க்க, மும்பையில் வாழும் தமிழர்களான நமக்குக் கண்ணெதிரிலேயே பாடங்கள் கிடக்கின்றன.

முதலில், எந்தச் செலவு குறைகிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் அந்த அறிவிப்பில் பெரிதாக ஒன்றுமில்லை என்று கொள்ளலாம். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி நடைமுறைக்கு வரும் வரை, மும்பைக்குள் நுழையும் சரக்குக்கு மாநகராட்சி ஆக்ட்ராய் வசூலித்து வந்தது. முலுண்ட், தஹிசர் நாக்காக்களில் (வரி வசூல் சாவடிகளில்) லாரிகள் வரிசைகட்டி நின்றது பலருக்கு நினைவிருக்கும். அந்த வரி நீங்கியபோது வரித்தொகையோடு காத்திருப்பு நேரமும், அதில் வீணான டீசலும், ஓட்டுநரின் நாட்கூலியும் சேர்ந்தே குறைந்தன. அதே லாரி, அதே ஓட்டுநர், ஆனால் கூடுதல் நடைகள்: உற்பத்தித் திறன் உயர்வது என்பதன் பொருள் இதுதான்.

அடுத்து, சலுகை யார் வாசல் வரை வந்து சேர்கிறது என்று பாருங்கள். 2019 செப்டம்பர் 20 அன்று, விலக்குகளை விட்டுக்கொடுக்கும் உள்நாட்டு நிறுவனங்களுக்கான அடிப்படை வருமான வரி விகிதம் 22 விழுக்காடாகவும், புதிதாகத் தொடங்கப்படும் உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டது. ஆனால் தாராவியில் தோல் பை தைக்கும் நம்மவரின் பட்டறை தனியுரிமையாகவோ கூட்டாகவோ நடந்தால், அது சட்டப்படி கம்பெனி ஆகாது என்பதால், அந்த வரிக்குறைப்பால் அவருக்கு நேரடியாக ஒரு பைசாகூட மிச்சமாகாது. 'தொழில்துறைக்குச் சலுகை' என்ற தலைப்பைப் படித்ததும் இந்த வேறுபாட்டைத் தேடும் பழக்கம் வேண்டும்.

மூன்றாவது கேள்விதான் மிகவும் கடினமானது, அதனாலேயே பெரும்பாலோர் தாண்டிச் செல்வது: உற்பத்தியைத் தடுத்து நிறுத்தியிருந்தது அந்தச் செலவுதானா? 2019-இன் பிற்பாதியில் ஆலைகளின் உற்பத்தித் திறனில், அதாவது அவற்றால் ஆக்கக்கூடிய முழு அளவில், 70 விழுக்காட்டுக்கும் குறைவாகவே பயன்பட்டதாக ரிசர்வ் வங்கியின் காலாண்டு ஆய்வு காட்டியது. இருக்கும் எந்திரமே ஓய்ந்து கிடக்கும்போது, வரி குறைந்துவிட்டது என்பதற்காக யாரும் புது எந்திரம் வாங்கமாட்டார்கள். நிறுவனங்கள் மிச்சமான பணத்தைக் கடனை அடைக்கவும் கையிருப்பைக் கூட்டவும் பயன்படுத்தின என்றும், முதலீட்டுச் சுழற்சி அதனால் மீளவில்லை என்றும் வங்கியின் 2019-20 ஆண்டறிக்கையே குறிப்பிட்டது. கொள்கையே தவறு என்று இதற்குப் பொருளில்லை. கடன் குறைந்த நிறுவனம் பின்னாளில் துணிந்து முதலீடு செய்யலாம். ஆனால் பூட்டியிருந்தது ஒரு கதவு, வரிக்குறைப்பு திறந்தது வேறொரு கதவு என்பது என் கருத்து.

காலக் கணக்கைத் தனியாகப் போடுங்கள். சேவ்ரியையும் நவசேவாவையும் இணைக்கும் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் அடல் சேதுவின் கட்டுமானம் 2018-இல் தொடங்கியது. பாலம் 2024 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அது சிமெண்டையும் எஃகையும் ஆட்களையும் இழுத்துக்கொண்ட தேவைப் பக்கச் செலவாகவே இருந்தது; அளிப்பின் பலன் திறந்த பிறகுதான் தொடங்கும். ஆகவே, உள்கட்டமைப்புத் திட்டம் முதலில் விலைகளை மேலே தள்ளவும், பிறகு போக்குவரத்துச் செலவு குறைவதால் கீழே இழுக்கவும் வாய்ப்புண்டு. இரண்டையும் ஒரே ஆண்டில் எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

பிறகு, பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஆக்ட்ராயை இழந்த மாநகராட்சிக்கு மாநில அரசு ஈடுகட்டுகிறது. செலவு மறையவில்லை, தோள் மாறியது. 2019 வரிக்குறைப்பால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று நிதியமைச்சகமே மதிப்பிட்டது. பிரிட்டனில் 2022 செப்டம்பரில், நிதி ஆதாரம் சொல்லாமல் பெரும் வரிக்குறைப்பு அறிவிக்கப்பட்டபோது அரசுக் கடன்பத்திரங்களின் விலை சரிந்து, அரசு கடன் வாங்கும் வட்டி ஏறியது. மத்திய வங்கியே தலையிட்டு வாங்க நேர்ந்தது. வட்டி ஏறினால், குறைந்த வரியால் கிடைத்த ஊக்கத்தை அதுவே தின்றுவிடும்.

அரசின் மறு கை என்ன செய்கிறது என்பதையும் விட்டுவிடாதீர்கள். மகாராஷ்டிராவில் காளை, எருது அறுப்பைத் தடைசெய்த சட்டம் 2015-இல் நடைமுறைக்கு வந்ததால் தோல் தொழிலுக்கு மூலப்பொருள் வரத்து குறைந்தது. அதன் நியாய அநியாயம் வேறு விவாதம். கணக்கில் அது அளிப்பைக் குறைத்த கொள்கை.

இவ்வளவையும் குறித்து வைத்துக்கொண்டு, ஓராண்டு கழித்து மூன்று எண்களைத் தேடுங்கள்: தொழில் உற்பத்திக் குறியீடு, தேசியக் கணக்கில் வரும் மொத்த நிலை மூலதன உருவாக்கம் (எந்திரம், கட்டடம் போன்றவற்றில் போடப்படும் முதலீடு), ரிசர்வ் வங்கியின் திறன் பயன்பாட்டு விழுக்காடு. மூன்றாவது உயர்ந்து இரண்டாவது அசையாமல் இருந்தால், ஆலைகள் பழைய எந்திரங்களையே கூடுதலாக ஓட்டுகின்றன என்று பொருள்; புதிய முதலீட்டுக்கு இன்னும் சில காலாண்டுகள் காத்திருந்து பாருங்கள்.