வண்டிக்கு எத்தனை நம்பர் பிளேட் வேண்டும்? காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஆட்களுக்காக

பைக், ஸ்கூட்டர் என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான காருக்கு இந்த இரண்டோடு, முன்கண்ணாடியின் உள்பக்கம் இடது மேல் ஓரத்தில் ஒட்டும் ஸ்டிக்கரும் உண்டு, சட்டப்படி அது மூன்றாவது பிளேட். டீசலுக்கு ஆரஞ்சு, பெட்ரோலுக்கு இளநீலம். உரித்தால் கிழிந்துபோகிற மாதிரிதான் செய்திருப்பார்கள், அதனால் கண்ணாடி மாற்றினால் பழையதை எடுத்து ஒட்டலாம் என்று நினைக்காமல் டீலரிடம் புதிதாகக் கேட்டு வாங்குங்கள்.

அமெரிக்காவில் இருந்து லீவுக்கு வருகிற நம் பிள்ளைகள் "அங்கே பின்னால் ஒன்று போதுமே" என்பார்கள். புளோரிடா, பென்சில்வேனியாவில் அப்படித்தான், கலிபோர்னியாவிலோ டெக்சாஸிலோ இரண்டும் வேண்டும். எப்படி இருந்தாலும் அது அந்த ஊர்க் கதை, இங்கே செல்லாது.

நம் பக்கம் அதிகம் கோட்டை விடுவது டிராக்டரில்தான். டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் உண்டு, அதை டிரெய்லரின் பக்கவாட்டில் எழுத வேண்டும், அது போதாது, இழுக்கிற டிராக்டரின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும், இரண்டு டிரெய்லர் மாட்டினால் கடைசி டிரெய்லரில். மோட்டார் வாகனச் சட்டம் 61-வது பிரிவு இதைச் சொல்கிறது. வைக்கோல் ஏற்றினால் எண் மறைகிறதா என்று ஒருமுறை கீழே இறங்கிப் பாருங்கள்.

புது வண்டியைப் பிள்ளையார்பட்டிக்குக் கொண்டுபோய்ப் பூஜை போடுவது சரி, ஆனால் சந்தனம், குங்குமம் எண்ணின் மேல் வேண்டாமே, பம்பரில் வையுங்கள். மாலையையும் சாயங்காலமே கழற்றிவிடுங்கள். பிளேட்டில் எழுத்து ஆங்கிலத்தில், எண் 1, 2, 3 என்றுதான் இருக்க வேண்டும். TN என்பதைத் தமிழில் எழுதுவது எனக்கும் பிடிக்கும், விதி ஒத்துக்கொள்ளாது. கார் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், தடிமன் 10, இடைவெளி 10. தலைவர் படம், கட்சிக் கொடி, வளைந்த எழுத்து எதற்கும் அதில் இடமில்லை.

பின் பிளேட்டுக்கு மேலே இருக்கிற சின்ன வெள்ளை பல்பையும் பாருங்கள், ராத்திரியில் 15 மீட்டர் தூரத்தில் இருந்து எண் படிக்கத் தெரிய வேண்டும். பிடித்தால் முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவை 1,500.

பிளேட் தொலைந்தால் கடையில் பெயிண்ட் அடித்து மாட்டிவிடாதீர்கள். முதலில் ஸ்டேஷனில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள், அப்புறம் ஆர்சி புத்தகத்தோடு டீலரிடம் போங்கள், புது பிளேட் அவர்கள் மூலம்தான் வர வேண்டும், பின்பக்கத்துக்குக் கழற்ற முடியாத லாக் போட்டுத் தருகிறார்களா என்று நின்று பார்த்து வாருங்கள்.