அடிபட்டு எழுந்த பிறகு: உடம்பைத் தேற்றுவது, தன்மதிப்பை மீட்பது, பிறருக்கு வழிகாட்டுவது

கடனில் மூழ்கியது, வேலை போனது, நீண்ட நோய், மணமுறிவு, நெருங்கியவரின் சாவு, அடி உதை நிறைந்த வீட்டிலிருந்து தப்பி வந்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கட்டும், அதிலிருந்து மீண்டு வருகிறவர்களில் நிறையப் பேர் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் மனசு தெளியட்டும், தன்னம்பிக்கை வரட்டும், அப்புறம் சாப்பாடு, தூக்கம், நடை எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார்கள். தயவுசெய்து இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். உடம்பு முதலில். நாம் செய்து முடித்த சின்னச் சின்னக் காரியங்களை நாமே பார்க்கப் பார்க்கத்தான் தன்மதிப்பு திரும்பி வரும், அந்தக் காரியங்களைச் செய்யத் தெம்பு வேண்டும்.

1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், உடலும் மனமும் நன்றாக இருந்த 36 இளைஞர்களை அவர்களுடைய சம்மதத்தோடு ஏறத்தாழ ஆறு மாதம் அரைவயிறாக வைத்துப் பார்த்தார். அவர்களுக்கு எடை மட்டும் குறையவில்லை. எரிச்சல், துக்கம், நண்பர்களிடமிருந்து விலகல், எந்த நேரமும் சாப்பாட்டு நினைப்பு என்று ஆளே மாறிப்போனார்கள், மறுபடி சாப்பாடு கொடுத்த பிறகும் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆனது. அந்த இளைஞர்களின் குணத்தில் எந்தக் கோளாறும் இல்லை. ஆகவே "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று உங்களைப் பற்றி நீங்களே தீர்ப்பு எழுதுவதற்கு முன், கொஞ்ச மாதமாக எப்படிச் சாப்பிட்டீர்கள், எப்படித் தூங்கினீர்கள் என்று பாருங்கள்.

முதல் வேலை மருத்துவரைப் பார்ப்பது. ரத்தசோகை, தைராய்டு குறைவு, சர்க்கரை, பி12 குறைபாடு ஆகியவை சோம்பல் போலவும் மனச்சோர்வு போலவும் வேஷம் போடும், இவற்றைச் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். பரிசோதனை இல்லாமல் கடையில் சத்து மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். இன்னும் மூன்று விஷயங்களில் கண்டிப்பாக மருத்துவர் வேண்டும். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாமல் இருந்தவர், அல்லது குறுகிய காலத்தில் உடம்பு மிகவும் வற்றிப்போனவர், திடீரென்று வயிறு முட்டச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் சரிந்து இதயமே பாதிக்கப்படலாம். தினமும் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். மனநல மாத்திரைகளையும் "இப்போதுதான் நன்றாக இருக்கிறேனே" என்று சட்டென்று விட்டுவிடக் கூடாது.

அடுத்தது தூக்கம். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும், ஆனால் நினைத்தவுடன் தூக்கம் வராது என்பது அடிபட்டவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் படுக்கும் நேரத்தோடு சண்டை போடாமல் எழுந்திருக்கும் நேரத்தை மட்டும் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி எவ்வளவு மோசமாகப் போயிருந்தாலும் அதே நேரம். வெகுநேரம் தூக்கம் வராவிட்டால் எழுந்து வந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது போய்ப் படுங்கள். பலமான குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை. இது போய்ச் சேர வேண்டிய இடம். இன்றைக்கு உங்களால் பத்து நிமிடம்தான் நடக்க முடியும் என்றால் பத்து நிமிடம் நடங்கள், கொஞ்சமாவது அசைவது அசையாமல் இருப்பதைவிட நல்லது என்று அதே பரிந்துரை சொல்கிறது.

சரி, தன்மதிப்புக்கு வருவோம். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல், "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று பிரித்துச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், தன் உடம்பும் மனசும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. இவற்றில் முதலாவதுதான் பலம் மிகுந்தது என்றார். கண்ணாடி முன் நின்று "நான் அருமையானவன்" என்று சொல்லிக்கொள்வதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை, உள்ளுக்குள் நம்பாத ஒன்றை வாய் சொல்லும்போது மனசு எதிர்வாதம் செய்யத் தொடங்கிவிடும். அதற்குப் பதில் ஒரு நோட்டு வையுங்கள். ராத்திரி படுக்கும் முன் அன்று செய்ததை மட்டும் எழுதுங்கள். குளித்தேன், ஒரு போன் பேசினேன், பத்து நிமிடம் நடந்தேன். பாராட்டும் வேண்டாம், திட்டும் வேண்டாம். மனசு "நீ ஒன்றுமே செய்யவில்லை" என்று சொல்லும் நாளில் அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள், மனசோடு வாதாட அதில் எழுதியிருப்பது போதும்.

எதைச் செய்வது என்று முடிவு செய்யும்போது எப்போது, எதற்குப் பிறகு என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். "இனிமேல் நடப்பேன்" என்பதைவிட "காலையில் பல் தேய்த்து முடித்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போவேன்" என்பது நடக்க வாய்ப்பு அதிகம். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பார்கள், நம்ப வேண்டாம். 2010இல் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் தன்னிச்சையான பழக்கமாக மாறுவதற்கு நடுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஒரு நாள் தவறியதும் "அவ்வளவுதான், எல்லாம் போச்சு" என்று உட்கார்ந்துவிடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் தனியாகச் சமாளிக்கக் கூடாத கட்டங்களும் உண்டு. இரண்டு வாரமாகப் பெரும்பாலான நேரம் மனசு இருண்டே கிடந்தால், நடந்த சம்பவம் ஒரு மாதம் கழிந்தும் கண்முன் வந்து உலுக்கினால், மனநல மருத்துவரிடம் போங்கள். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் நாளை வரை காத்திருக்காமல் அன்றே, அப்போதே ஒருவரிடம் சொல்லுங்கள். அடிக்கிறவரோடு இன்னும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள் என்றால் பாதுகாப்புதான் முதல் வேலை, உணவுத் திட்டமும் நடையும் அதற்குப் பிறகு.

இனி அடுத்தவருக்கு வழிகாட்டுவது, அதாவது கோச் (வழிகாட்டி) என்று அதையே வேலையாக எடுத்துச் செய்வது. மீண்டு வந்தவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பு, நல்ல ஆசையும்கூட. ஆனால் கொஞ்சம் பொறுங்கள். இன்னொருவர் தன் கஷ்டத்தைச் சொல்லும்போது உங்கள் கதை தொண்டைவரை வந்து நிற்கிறதா, கேட்டுவிட்டு வந்த ராத்திரி உங்களுக்குத் தூக்கம் கெடுகிறதா என்று கவனியுங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் இன்னும் காலம் வேண்டும்.

பண்டூரா சொன்னது இங்கேயும் பொருந்தும். நீங்கள் போட்டுக்கொடுத்த திட்டத்தால் ஒருவர் தேறினால் அந்த வெற்றி உங்கள் கணக்கில் போய்விடும், அவர் தானே யோசித்துத் தேர்ந்தெடுத்ததைச் செய்து முடித்தால்தான் "என்னால் முடிந்தது" என்பது அவருடையதாகும். அதனால் அறிவுரையைக் குறைத்து, கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். குடிப்பழக்கத்தால் தவித்தவர்களோடு வேலை செய்த வில்லியம் மில்லர் 1983இல் எழுதிய கட்டுரையில் தொடங்கி, பிறகு ஸ்டீஃபன் ரோல்னிக்கும் சேர்ந்து வளர்த்த 'மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்' (Motivational Interviewing) என்ற உரையாடல் முறை ஒன்று இருக்கிறது, இந்தத் துறைக்கு வருகிற எல்லோரும் அதை முறையாகப் படிக்க வேண்டும் என்பேன். ஒருவர் "நடக்கணும்தான், ஆனா முடியலைங்க" என்கிறார். உடனே நம் வாய் "கொஞ்சம் சீக்கிரம் எழுந்தால் முடியுமே" என்று சொல்லத் துடிக்கும். சொன்னால் அவர் ஏன் முடியாது என்று விளக்க ஆரம்பிப்பார், விளக்க விளக்க அதுவே அவருக்குள் உறுதியாகும். அதைவிட, "நடப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். மூன்று என்றால், "ஏன் ஒன்று என்று சொல்லவில்லை?" என்று கேளுங்கள். இப்போது நடப்பதற்கான காரணங்களை அவரே சொல்வார். நீங்கள் அதைத் திரும்பச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டேனா என்று கேட்டால் போதும். ஏதாவது தகவல் சொல்ல வேண்டியிருந்தால் "ஒன்று சொல்லட்டுமா?" என்று அனுமதி வாங்கிக்கொண்டு சொல்லுங்கள்.

எல்லைகளை முதல் நாளே பேசி எழுதி வையுங்கள்: கட்டணம், சந்திப்பு நேரம், எத்தனை மணிக்கு மேல் செய்திக்குப் பதில் வராது, பேசியது வெளியே போகாது, ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவி கூப்பிடுவேன் என்பது. நோய் இன்னது என்று பெயர் சூட்டுவதும், மருந்து பற்றிச் சொல்வதும், பழைய காயத்தைக் கிளறி ஆராய்வதும் உங்கள் வேலை இல்லை, அதற்கு யாரிடம் அனுப்புவது என்ற பட்டியல் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். பல இடங்களில் உரிமம் இல்லாமலே யார் வேண்டுமானாலும் கோச் என்று பலகை மாட்டிக்கொள்ள முடியும் என்பதால், நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள், என்ன படிக்கவில்லை என்பதை நேரடியாகச் சொல்லிவிடுங்கள். உங்களை நம்பி வந்தவரிடமே சத்து மாவும் மாத்திரையும் விற்பதை நான் அறவே ஒப்புக்கொள்ள மாட்டேன். அவருடைய முன்-பின் படங்களை விளம்பரத்துக்குப் போடுவதும் அப்படித்தான், சம்மதம் கொடுத்திருந்தாலும்கூட, உங்களிடம் முடியாது என்று சொல்ல அவர் தயங்கியிருக்கலாம்.

வருவதாகச் சொன்னவர் திடீரென்று காணாமல் போவார். ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள், "எப்படி இருக்கிறீர்கள், எப்போது வேண்டுமானாலும் பேசலாம்" என்ற அளவில், ஏன் வரவில்லை என்ற கேள்வி இல்லாமல். தேறி வருகிறவரிடம் சந்திப்பை வாரத்திலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறையாக, பிறகு மாதத்துக்கு ஒருமுறையாகத் தள்ளிப்போடலாமா என்று நீங்களே முதலில் கேளுங்கள், உங்கள் வருமானம் குறைந்தாலும்.