சென்னை வீட்டுக்கு வாட்டர் ஹீட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹீட்டர் வாங்கப் போனால் கடையில் முதலில் பேசுவது லிட்டர் கணக்குதான். சென்னையில் அதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் குழாயில் வருவது மெட்ரோ தண்ணீரா, போர் தண்ணீரா?

போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சூடுபட்டதும் வெள்ளை உப்பாக, தண்ணீரைச் சூடாக்கும் காயிலில் படியும். படிந்த உப்பு சூட்டைத் தண்ணீருக்குப் போகவிடாது. கரண்ட் வீணாகும், காயிலும் சீக்கிரம் போய்விடும். சூடு ஏற ஏறப் படிவதும் அதிகமாகும் என்பதால் தெர்மோஸ்டாட்டைக் கடைசிவரை திருப்பி வைக்காதீர்கள். நம் ஊருக்கு 55, 60 டிகிரி தாராளம். தண்ணீரைத் தேக்கிவைத்துச் சூடாக்கும் ஸ்டோரேஜ் ஹீட்டருக்குள் ஒரு மெக்னீசியம் ராடு இருக்கும். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாக இந்த ராடு கரைந்துகொண்டிருக்கும். உப்புத் தண்ணீர் வீடுகளில் வருடம் ஒருமுறை சர்வீஸ்காரரைக் கூப்பிட்டு, ராடைப் பார்த்து, உப்பையும் சுரண்டச் சொல்லுங்கள். சோலாரிலும் இதே கதைதான்: தட்டை வகையின் மெல்லிய செப்புக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும், கண்ணாடிக் குழாய் வகை கொஞ்சம் தாங்கும்.

சரி, லிட்டருக்கு வருவோம். தேக்காமல் ஓட ஓடவே சூடாக்கும் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டரில் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால் தண்ணீர் 21 டிகிரி அளவுக்குச் சூடேறும். மார்கழியிலும் நம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் அவ்வளவாகச் சில்லிடுவதில்லை என்பதால், வாளியில் குளிப்பவர்களுக்கு இதுவே போதும். ஷவர் என்றால் ஸ்டோரேஜ்தான் சரி. இரண்டு பேர் வீட்டுக்கு 25 லிட்டர் வாங்குவது வீண் செலவு.

கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே மாட்டாதீர்கள். மூடிய அறையில் காற்று போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. மயக்கம் வருவதற்குள் கதவைத் திறக்கவும் தோன்றாது. சின்ன ஜன்னல் இருக்கிறதே என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பால்கனியோ திறந்த சர்வீஸ் ஏரியாவோ இல்லையென்றால் கேஸ் வேண்டாம்.

3 கிலோவாட் ஹீட்டர் 13 ஆம்ப் இழுக்கும். அதை 6 ஆம்ப் பிளக்கில் செருகினால் ஒயர் உருகலாம். எர்த் சரியாக உள்ள 16 ஆம்ப் பாயிண்டும், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபியும் கட்டாயம் வேண்டும்.

அப்புறம், ஸ்டோரேஜ் ஹீட்டரில் கூடும் அழுத்தத்தை வெளியே விடும் சேஃப்டி வால்வு. சூடேறும்போது அது லேசாகச் சொட்டுவது இயல்பு. தரை ஈரமாகிறது என்று எம்-சீல் வைத்து அடைத்துவிட்டால் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் டேங்க் வெடிக்கலாம். சின்ன டியூப் மாட்டி வடிகாலுக்கு விடுங்கள். நிற்காமல் ஒழுகினால் வால்வை மாற்றச் சொல்லுங்கள்.