குவாய் நதிப் பாலம் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போடுவது எப்படி?

பாட்டியின் அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சிலாங்கூர்த் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர். திரும்பி வரவில்லை. அந்த ரயிலை வைத்து 1957இல் டேவிட் லீன் எடுத்த படம் ஒன்று இருக்கிறது என்று சொன்னதும், "எனக்குப் புரியிற மாதிரி போட்டுக் காட்டுய்யா" என்றார். பாட்டிக்கு ஆங்கிலம் வராது. ஆனால் தமிழ் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிப்பார். செந்தூலில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, மூன்று வாரம் இரவு இரவாக இதைச் செய்து முடித்தேன்.

படத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டீர்கள், கணினியில் அது ஓடுகிறது, ஆங்கில எஸ்ஆர்டி கோப்பும் (வசனமும் அது வரவேண்டிய நேரமும் உள்ள சப்டைட்டில் கோப்பு) கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

1. மென்பொருள்

"சப்டைட்டில் எடிட்" என்ற மென்பொருள் போதும், இலவசம். நோட்பேடில் செய்யாதீர்கள். நேரக் குறியில் ஒரு காற்புள்ளி தவறினாலும் அந்த வரி திரையில் ஒழுங்காக வராது. ஆயிரத்துக்கு மேற்பட்ட வரிகளில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

2. முதலில் நேரத்தைச் சரிசெய்யுங்கள்

நான் சிக்கியது இங்கேதான். தொடக்கத்தில் வசனமும் எழுத்தும் ஒன்றாக வந்தன. அரை மணி நேரத்தில் எழுத்து முந்திக்கொண்டது. படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் எச் விசையைத் தட்டித் தட்டி எழுத்தைத் தள்ளிப் போட்டேன். சரியானது போல் இருந்தது, பத்து நிமிடத்தில் மறுபடியும் முந்தியது. கடைசிக் காட்சியில் ரயில் வருவதற்கு முன்பே, வெடிப்புக்குப் பிறகு வரவேண்டிய வசனம் வந்துவிட்டது.

காரணம் இதுதான். படம் நொடிக்கு 24 பிரேமில் (தனித்தனிப் படச் சட்டங்களில்) எடுக்கப்பட்டது, ஓடும் நேரம் 161 நிமிடம். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வந்த டிவிடியில் அது நொடிக்கு 25 பிரேமாக ஓடும், அதனால் ஏறக்குறைய 154 நிமிடத்தில் முடிந்துவிடும். என் சப்டைட்டில் அந்த டிவிடிக்காகச் செய்யப்பட்டது, படம் வேறு பதிப்பு. மொத்தமாகத் தள்ளிப் போட்டால் இது தீராது, இழுத்து நீட்ட வேண்டும்.

சப்டைட்டில் எடிட்டில் ஒத்திசைவுக்கான மெனுவில் பிரேம் வேகத்தை மாற்றும் வசதி இருக்கிறது. 25இலிருந்து 23.976 (கணினிக் கோப்புகளில் 24 என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்) என்று மாற்றுங்கள். எந்தப் பதிப்பு என்று தெரியாவிட்டால், அதே மெனுவில் விஷுவல் சிங்க்கைத் திறந்து, முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் படத்தோடு பொருத்துங்கள். நடுவில் உள்ளவை தானாக இடம்பிடிக்கும். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும்.

3. மொழிபெயர்ப்பு

வரிக்கு வரி பெயர்க்க வேண்டாம். திரையில் இரண்டு வரிக்கு மேல் போனால் பாட்டி எழுத்தைத்தான் பார்ப்பார், கர்னல் நிக்கல்சனாக நடித்த அலெக் கின்னஸின் முகத்தைப் பார்க்கமாட்டார்.

அதிகம் யோசித்தது நீ, நீங்கள் விஷயத்தில்தான். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல். அதிகாரிகள் கூலி வேலை செய்யக் கூடாது என்று பிரிட்டிஷ் கைதிகளின் தலைவரான நிக்கல்சன், போர்க் கைதிகளை நடத்தும் விதத்தைச் சொல்லும் ஜெனீவா ஒப்பந்தத்தைக் காட்டுகிறார். கைதி முகாமின் ஜப்பானியத் தலைவர் சைட்டோ அவரைத் தகரக் கொட்டகையில் வெயிலில் அடைத்துப் போடுகிறார். கடைசியில் விட்டுக்கொடுப்பது சைட்டோதான். 1905இல் ஜப்பான் ரஷ்யாவை வென்ற நாளைக் காரணம் காட்டி அவரை விடுவித்துவிட்டு, அறைக்குள் தனியாக அழுகிறார். அதனால் அதுவரை சைட்டோவை "நீ" என்றும், அதற்குப் பிறகு "நீங்கள்" என்றும் பேசவைத்தேன். நிக்கல்சனுக்கு ஆரம்பத்திலிருந்தே "நீங்கள்"தான். அந்த மனிதர் கோபத்திலும் மரியாதை குறையாதவர்.

இன்னொரு இடம், பாலத்தின் மேல் மாலை நேரம். சைட்டோ ஒரே ஒரு சொல் சொல்கிறார். நிக்கல்சன் அது பாலத்தைப் பற்றி என்று எடுத்துக்கொள்கிறார். "அழகான மாலை" என்று விளக்கிவிட்டால் காட்சியே போச்சு. "அழகு" என்று மட்டும் போடுங்கள்.

கொட்டகையிலிருந்து நிக்கல்சன் தள்ளாடி நடந்துவரும் காட்சியில் பேச்சே இல்லை. போலியோவிலிருந்து மீண்ட தன் மகனின் நடையை நினைத்து கின்னஸ் நடித்தது. கோப்பில் "இசை", "விசில் சத்தம்" போன்ற குறிப்புகள் இருந்தால் அழித்துவிடுங்கள்.

4. சேமித்தல்

கோப்பை யூடிஎஃப்-8 (தமிழ் எழுத்தைச் சரியாகக் காக்கும் குறியாக்கம்) என்று சேமியுங்கள். விஎல்சியில் எழுத்துருவை நிர்மலா யூஐ என்று மாற்றுங்கள். அவ்வளவுதான்.

5. நான் சேர்த்த மூன்று வரிகள்

சோதித்துப் பார்க்க முதல் அரை மணி நேரத்தைப் போட்டபோதே பாட்டி கேட்டார், "நம்ம ஆளுங்க எங்கய்யா?" படத்தின் கதை வெள்ளைக்காரக் கைதிகளைப் பற்றியது. படம் பிடித்த இடமும் இலங்கையில் கித்துல்கல. எவ்வளவு பிடித்த படமாக இருந்தாலும், அந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

தொடக்கத்தில் காட்டின் மேல் பெயர்கள் ஓடும்போது வசனம் கிடையாது. அங்கே, முதல் வரிக்கு முன்னால் புது வரிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஆறு நொடி கொடுத்தேன்:

"சயாம் - பர்மா ரயில் பாதை, 1942-43. நீளம் 415 கிலோமீட்டர்."
"இறந்த போர்க் கைதிகள் 12,000க்கும் மேல்."
"மலாயாத் தமிழர்களும் மற்ற ஆசியத் தொழிலாளர்களும் அதைவிடப் பல மடங்கு."

பின்சேர்க்கை: பென்டிரைவில் போட்டு டிவியில் செருகினால் கட்டம் கட்டமாக வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கோப்பில் குறை இல்லை, அந்த டிவியில் தமிழ் எழுத்துரு இருக்காது. மடிக்கணினியை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்து ஓட்டுங்கள். நாங்களும் அப்படித்தான் பார்த்தோம். அந்த மூன்று வரிக்கு ஆறு நொடி பாட்டிக்குப் போதவில்லை, நிறுத்தச் சொல்லி வாசித்தார். இப்போது பத்து நொடியாக மாற்றிவிட்டேன்.